டிரைவர் வீட்டுக்கு வந்த கார்

ஜூலியட் ஒரே மாதத்தில் இரண்டு சாமான் வாங்கினாள். முதலில் ஒரு கம்ப்யூட்டர், மாதக் கடைசியில் ஒரு சின்னக் கார். இரண்டையும் ஊரில் யாரிடமும் யோசனை கேட்காமல் வாங்கினாள். பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நர்ஸ் இப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? கேட்காத யோசனையை எல்லாம் சேர்த்துவைத்து, கார் வந்த அன்றைக்கு வாசலில் நின்று கொட்டித் தீர்த்தது.

கணவரின் அண்ணன் வேதநாயகம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கிறது என்றார். இந்தக் களிமண் பூமியில் வெள்ளை நிறத்தை எவனாவது எடுப்பானா என்றும் கேட்டார். எதிர்வீட்டுப் பாத்திமா மேரி பின்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு மூட்டை நெல்கூட நேராகப் படுக்காதே, பிறகு எதற்கு இது என்று வருத்தப்பட்டாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, ஏசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும் அவருக்குத் திருப்தி.

ஜூலியட் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள், யாருக்கும் பதில் கொடுக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளின் அபிப்பிராயம். அந்த ஆள் முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே படுத்திருந்தார்.

அவர்தான் ரெமிஜியஸ், அவள் வீட்டுக்காரர். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பஸ்ஸைத் தலை நரைக்கும் வரை ஓட்டியவர். அவர் வண்டியில் ஏறிய பிள்ளை ஒன்றுக்கும் ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. ஊரில் பாதி இளவட்டங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பெண்டாட்டிக்கு மட்டும் கற்றுத் தரவில்லை. கேட்டபோதெல்லாம், நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு என்பார். அதை அன்பு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு எழுந்து வந்தார். காரை அவர் பார்த்தார் என்று சொல்ல முடியாது. விரல் முட்டியால் கதவைத் தட்டிச் சத்தம் கேட்டார். கதவைத் திறந்து மூடினார். டயரைக் காலால் ஒரு எத்து எத்தினார்.

"இதுக்கு அடியில எலுமிச்சம்பழம் கிழம் வச்சுடாத ஜூலி. பழத்துக்கு ஒண்ணும் ஆவாது, வண்டிதான் கவுந்துடும்" என்றார்.

ஜூலியட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விஷயம் அதோடு போய்விடும் என்பதால் அடக்கிக்கொண்டு, வியாழக்கிழமை காலையில் திருச்சிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறோம், நான்தான் ஓட்டப்போகிறேன் என்றாள். அவர் உள்ளே போய் முட்டி வலியைத் தொடர்ந்தார்.

வேலையை விட்டு அவர் நின்றதற்குக் காரணம் கண். சர்க்கரை கண்ணுக்குள்ளே ஏறிவிட்டது. திருச்சி டாக்டர் மறைக்காமல் சொன்னார்: போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் கண்ணுக்குள் போடும் ஊசியைத் தவணை தவறாமல் போட்டாக வேண்டும். இரண்டு தடவை ரயிலில் போய்ப் போட்டுக்கொண்டார். இரண்டாம் தடவை திரும்பும்போது ஸ்டேஷன் படியில் கால் தப்பித் தடுமாறினார். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, "டிரைவர் அங்கிள், கையக் குடுங்க" என்று பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். எல்.கே.ஜி. படிக்கும்போது அவளைத் தினமும் அவர் கைபிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார். அவ்வளவுதான், அதற்கப்புறம் திருச்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். கேட்டால் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்பார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அப்படியே மாதங்கள் ஓடின.

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் ஜூலியட். பிறந்த குழந்தையிலிருந்து நாய் கடித்த கிழவர் வரை அவள் கைக்குத் தப்பியவர்கள் கிடையாது. சொந்த வீட்டில் ஒரு ஆளை ஊசிக்குக் கூட்டிப்போக முடியவில்லை என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அவரும் சேர்ந்து சாப்பிடாமல் இருந்து, சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டார். அதோடு அந்த வழியை விட்டாள். சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூரில் ஹலீமா என்கிற அம்மாவிடம் போய்க் கார் ஓட்டப் பழகினாள். வீட்டில் சொன்னது தடுப்பூசிப் பயிற்சி என்று. அவர் ஊசிக்காகத்தானே பழகுகிறேன், இது பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். லைசென்ஸ் வந்தது. அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். கார் வாங்க மட்டும் இன்னும் துணிச்சல் வரவில்லை.

கம்ப்யூட்டர் வந்த கதை வேறு. காலையில் பேப்பர் படிப்பது ரெமிஜியஸுக்கு ஜெபம் மாதிரி. ஒரு நாள் பேப்பர் வரவில்லை. ஜூலியட் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவர் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பேப்பர். அவளே அடுப்பங்கரை மேடையில் விரித்து வெங்காயம் உரித்தது. அது பழசு என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்கே சென்னையில் வேலையிலிருக்கும் மகள் பிரின்ஸிக்குப் போன் போட்டாள். பிரின்ஸி லீவு போட்டு வந்து, டிவி அகலத்துக்குத் திரை வைத்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கூடத்தில் பொருத்தினாள். பேப்பர்கள் எல்லாம் அதில் தமிழிலேயே வரும்படி செய்து, எழுத்தையும் பெரிதாக்கி வைத்தாள். அப்பாவை உட்காரவைத்து, இந்த எலியின் சக்கரத்தை உருட்டினால் பக்கம் போகும், இந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து இன்னும் பெரிதாகும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

"வீட்ட டாக்கீஸ் ஆக்கிட்டீங்க. டிக்கெட் எப்பக் குடுப்பீங்க?" என்றார் ரெமிஜியஸ். மகள் ஊருக்குப் போனதும் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். போகவர அதற்கு ஒரு முறைப்பு வேறு.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் ஜூலியட் மதியமே வீட்டுக்கு வந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். திரையை மூடியிருந்த துண்டு கோணலாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் பெட்டி சுட்டது. ஆள் இல்லாத நேரத்தில் படிக்கிறார் போலிருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். துண்டை எடுத்துவிட்டு எலியை அசைத்தாள்.

திரை வெளிச்சமானது. அதில் நான்கே வார்த்தைகள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் அவள் கை அகலம். மகள் வைத்துவிட்டுப் போன அளவில் ஒரு செய்தி முழுசாகத் தெரியும். அவர் பெரிதாக்கி, பெரிதாக்கி, அதற்குமேல் முடியாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நாலு வார்த்தையைப் படித்துவிட்டு உருட்டி, அடுத்த நாலு வார்த்தையைப் படித்து, இப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் மனிதர்!

ஜூலியட் நின்ற இடத்திலேயே அழுதாள். கண் அவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்கும் என்று நர்ஸாக இருந்தும் அவள் நினைக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டை இருந்தபடி கோணலாகவே போட்டுவிட்டு, தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிக் காருக்கு முன்பணம் கட்டினாள். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். எது சீக்கிரம் வருமோ அது என்றாள். இப்படித்தான் களிமண் பூமிக்கு வெள்ளைக் கார் வந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. ஜூலியட் இட்லி ஊற்றி, மாத்திரை எடுத்துவைத்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தாள். ரெமிஜியஸ் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கு வேண்டாம் என்றார். புது வண்டி, லாரி போகிற ரோடு, நீ இன்னும் பழக வேண்டும் என்றார். அவள் பேண்ட் சட்டையை எடுத்து மடியில் வைத்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொண்டாட்டி ஓட்ட, நான் பக்கத்துல பொம்ம மாதிரி உக்காந்து போவணுமா? என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் தெரியுது."

ஜூலியட் கார் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரிங்க. அப்ப நீங்களே ஓட்டுங்க" என்றாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கேலி செய்கிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டது, டிரைவரால் அதை எப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்? எழுந்து பேண்ட் சட்டை போட்டார், தலை வாரினார். வேலைக்குப் போன நாட்களில் வாருவதுபோலத் தண்ணீர் தொட்டு வாரினார்.

வண்டி வாசலில் பெரிய ரோட்டைப் பார்த்து நின்றது. குறுவை அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று தள்ளிவிடுவார்கள் என்பதால் ஊரே நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தது. பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு வண்டிக்கு. வண்டிகள் நெல்மேல் ஏறாமல் இருக்க ஓரம் நெடுகக் கருங்கல் வைத்திருப்பார்கள். இது வருஷா வருஷம் உள்ளதுதான், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

ரெமிஜியஸ் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். ஜூலியட் இடப்பக்கம் உட்கார்ந்து கைப்பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதை மட்டும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து சாவியைத் திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இஞ்சின் சுத்தமா இருக்கு ஜூலி. நான் தகரம்னு நெனச்சேன்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்தச் சந்தோஷத்தோடேயே அவரை இறக்கிவிடலாமா என்றுகூட ஜூலியட் ஒரு நொடி நினைத்தாள். அதற்குள் அவர் முன்னால் குனிந்து ரோட்டைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"கல்ல ஓரமா வைக்க மாட்டானுவ. பாரு, நடு ரோட்டுல எம்மாம் பெருசு."

"எந்தக் கல்லுங்க?"

"அதோ, கருப்பா. பரவால்ல, ஒதுங்கிப் போயிடலாம். எடம் இருக்கு."

ஜூலியட் பார்த்தாள். நடு ரோட்டில் கல் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கல் எழுந்து நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது, கருநீலச் சேலையை உதறியது, முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்துவந்தது. சிதறின நெல்லைக் குந்தி உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்த பாத்திமா மேரி.

"என்ன தம்பி, நீங்களே ஓட்டுறீங்களா? நல்லதாப் போச்சு. கும்புட்டுக்கிட்டு போயிட்டு வாங்க" என்று ஜன்னல் ஓரமாகச் சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுக்குள் போனாள்.

ரெமிஜியஸ் இஞ்சினை நிறுத்தினார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு ஜூலியட்டுக்கு வரவே இல்லை.

"அவங்களா அது?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுக்குள் போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள். போகவில்லை. முன்பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவியபடியே வண்டியைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். ஜூலியட் இறங்கி நின்றாள். கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது, பிடிக்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினார். அவள் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் ஏறினாள்.

"சீட்ட முன்னாடி தள்ளிக்க. நான் பின்னால தள்ளிட்டேன், உனக்குக் கால் எட்டாது" என்றார் ரெமிஜியஸ்.

தள்ளிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. கற்களையும் நெல்லையும் ஒட்டி மெதுவாக ஓட்டி, வளைவு தாண்டிப் பெரிய ரோட்டில் ஏற்றினாள். இரண்டு பக்கமும் அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறிமாறி வந்தன. கல்லணைக் கால்வாய்ப் பாலம் ஏறும்போது அவர் நேராகப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வருமா?"

"வராதுங்க. அதான் கடைசி அளவு. அதுக்குத்தான் இப்பப் போறோம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு காதைச் சாய்த்து,

"மூணாவது போடு ஜூலி. இஞ்சின் கத்துது பாரு" என்றார்.