ஏழு யாமினி

வந்திருந்தவர்கள்: என் அக்கா, மடியில் பெரிய ஃபிளாஸ்க்கோடு. அத்தான், அரை நாள் விடுப்பு வீணாய்ப் போன முகத்தோடு. டியூஷன் சார், ஏனென்றால் அறை அவருடையது. வாடகைக்குப் பதிலாக மேடையில் அவர் சென்டரின் பெயரை நான் இரண்டு தடவை சொல்ல வேண்டும். என்னைப் போலவே அன்று வார விடுப்பில் இருந்த என் சூப்பர்வைசர் டார்ச். ஷிஃப்டில் தூங்குகிறோமா என்று முகத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். பிஸ்கட் உண்டு என்று சொல்லி வகுப்பு முடிந்தும் நிறுத்திவைத்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஏசிக்காக உள்ளே வந்து தூங்கிவிட்ட ஓர் ஆள், அவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

வராதவள் ஒருத்தி. அவள் செத்து மூன்று வருடம் ஆகிறது. புத்தகம் அவளைப் பற்றியது.

அக்காவின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் நீளமாக வேறு பெயர், வீட்டில் மணி. கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்ட புதிதில் வீடு முழுக்க அலைந்து, "மாமா, மணி மூணு! அப்பா, மணி மூணு அஞ்சு!" என்று எல்லோர் உயிரையும் வாங்கினாள். பெயர் ஒட்டிக்கொண்டது. பதிமூன்று வயதில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள், திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. பேசிவைத்துக்கொண்டு நிறுத்தியதில்லை. "ஏழாச்சு", "எட்டே கால்", "நேரம் என்ன" என்று அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டோம். வந்தவர் யாராவது மணி என்னவென்று கேட்டுவிட்டால் அத்தான் வாயைத் திறக்காமல் கையை நீட்டி வாட்சைக் காட்டுவார். வீட்டில் கடிகாரம் இருந்தது, மணி இல்லை.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேலை. பகலில் தூங்க இடம் இல்லாமல் அலைந்தபோது அக்கா அந்தப் பெண்ணின் அறையைக் கொடுத்தாள். அலமாரிக் கதவில் அவளுடைய டைம்டேபிள் ஒட்டியபடியே இருந்தது. செவ்வாய், கடைசி பீரியட், விளையாட்டு. கண் மூடும்போது கடைசியாகத் தெரிவது அதுதான்.

ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தை மாதக்கணக்கில் வெறித்துப் பார்க்கிறவனுக்குப் பேய்க்கதை தானாக வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒன்று எழுதினேன். பதிப்பகங்கள் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும், 'தங்கள் பேய்க்கு உயிர் இல்லை' என்று எழுதியிருந்தார். சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். இப்போது யாரும் போடலாம். கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டால், கேட்கிறவர்களுக்கு மட்டும் பிரதி அச்சாகிப் போகும்.

கதையில் வரும் பேய் பதிமூன்று வயதுப் பெண். பெயர் மணி. காய்ச்சலில் செத்த பேயை எந்தப் பிள்ளை படிக்கும்? லிஃப்ட் குழியில் விழவைத்தேன்.

எழுதியதை அக்கா படித்தாள். எப்போது படித்தாள் என்று தெரியாது. நான் எழுந்து வரும்போது தாள்கள் மேஜைமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"எழுது. வேணாம்னு சொல்லல," என்றாள். "அவ பேரை மட்டும் எடுத்துடு."

"எடுத்துடறேன்."

"மறந்துடாத."

"எடுத்துடறேன்னு சொல்றேன்ல."

எடுத்தேன். இகரத்தில் முடிகிற பெயராகத் தேடினேன். அப்போதுதான் மணியை, மணிக்கு, மணியோடு எல்லாம் இலக்கணம் உதைக்காமல் மாறும். யாமினி அகப்பட்டது. இரவு என்று பொருள், பேய்க்குப் பொருத்தம். தேடு, மாற்று, எல்லாவற்றையும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு வாக்கைக் காப்பாற்றியதில்லை. திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. அந்தக் கதையை ஏற்கெனவே வாந்தி வரும்வரை படித்திருந்தேன்.

வெளியீட்டு விழாவுக்கு வருகிறேன். கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு ஒன்றின் முன்னால் நின்று பேசினேன். டியூஷன் சென்டரின் பெயரை இரண்டு தடவை சொன்னேன். டார்ச் கொட்டாவி விட்டார். "கேள்வி இருந்தா கேளுங்க," என்று சார் சொன்னதும், பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் பிரதியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அங்கிள், ஒரு டவுட். நாப்பதாம் பக்கம்." படித்தாள். "'இரவு பன்னிரண்டு யாமினி அடித்தது. அவன் யாமினிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. நடுங்கும் கையால் யாமினிபர்ஸைத் திறந்தான்.' இது என்ன அங்கிள்?"

அறை வெடித்தது. "சார், ஏழு யாமினி ஆயிடுச்சு, வீட்டுக்கு விடுங்க!" என்றான் ஒருவன். டார்ச் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து, காரணம் தெரியாமல் தானும் சிரித்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு. கட்டு. பர்ஸ். ஒவ்வொன்றிலும் பழைய வார்த்தையைத் திரும்ப வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்குவதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிஸ்கட் தீரும்வரை சிரிப்பார்கள். நாளைக்கு நான் கிடங்குக்குப் போய் உட்காருவேன், டார்ச் எல்லா ஷிஃப்டுக்கும் சொல்லிவிடுவார்.

"அது தப்பு இல்ல," என்றேன். "ஒரு வீடு இருக்கு. நிஜமான வீடு. அங்க ஒரு பொண்ணு செத்துப்போயிட்டா. வீட்ல அவளைக் கூப்பிடுற பேரு மணி. அவ போனதுக்கப்புறம் அந்த வீட்ல யாரும் மணின்னு சொல்றதில்ல. 'நேரம் என்ன'ம்பாங்க. 'ஏழாச்சு'ம்பாங்க. யாராவது வெளியாள் மணி என்னன்னு கேட்டா அவங்கப்பா பேசாம வாட்சைக் காட்டுவாரு. என் கதையிலயும் அப்படித்தான். யாரும் மணின்னு சொல்லமாட்டாங்க. நேரம் பூரா அந்தப் பேய்ப் பொண்ணு பேருதான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நிஜமாவா அங்கிள்?" என்றாள் கம்பிப்பல்.

"நிஜம்."

"அப்ப யாமினிபர்ஸ்?" என்றான் ஒரு பையன்.

"அது அவளோட பர்ஸ்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

நான் பின்வரிசையைப் பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாத் தலையும் திரும்பின. பிறகு கைதட்டினார்கள். டார்ச்கூடத் தட்டினார். அதுவரை நான் பேசி யாரும் வாயை மூடிக் கேட்டதில்லை.

அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கம்பிப்பல்லுக்கும் ஒரு கப் நீட்டி, "சூடா இருக்கும்மா, பாத்து," என்றாள்.

திரும்பி வரும்போது காரில் அத்தான் வாட்சைக் கழற்றி டாஷ்போர்டுக்குள் போட்டிருந்தார். அதற்கப்புறம் அதைக் கட்டவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா ஃபிளாஸ்க்கைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"தெரியாமதான் நடந்துச்சா?"

"தெரியாமதான்."

"அப்ப மாத்திடு. அவளை வேற பேருல என்ன வேணா பண்ணு. நேரத்துல இருந்து எடுத்துடு."

"சரிக்கா."

மேடையில் பேசியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கம்பிப்பல் என் பேச்சை அப்படியே சொல்லி, கடைசியில் மூக்கை உறிஞ்சி, ஒரு வீடியோ போட்டாள். அதை இன்னொருத்தி எடுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் முகம் தெரியாத பிள்ளைகள், 'ஆறு யாமினிக்கு எழுப்பி விடு', 'பத்து யாமினி ஆச்சு, இன்னும் ஹோம்வொர்க் முடியல' என்று எழுதிக்கொண்டார்கள். நான் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஃபோன் துள்ளிக்கொண்டே இருந்தது. ஆர்டர், ஆர்டர், ஆர்டர். கதையைப் பற்றி யாரும் பேசவில்லை. லிஃப்ட் குழியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்காக நான் எவ்வளவு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் மாலை, நான் படுத்திருக்கையில், காலிங் பெல் அடித்தது. அக்கா திறந்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே அந்த அம்மா?" பள்ளிக்கூடப் பெண்கள், இரண்டு பேர். "ஒரே ஒரு செல்ஃபி ஆன்ட்டி."

அக்கா என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. ஃபோன் கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னொருத்தியின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "ஆன்ட்டி, இப்ப எத்தனை யாமினி?"

"அஞ்சரை," என்றாள் அக்கா. கதவு சாத்திக்கொண்டது.

அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். போர்வைக்குள் இருந்தபடியே தூங்குவதுபோல் நடித்தேன்.

"நடிக்காத. இன்னும் மாத்தலையா?"

"இன்னிக்கு மாத்திடறேன்க்கா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு."

அன்றைக்கு ஷிஃப்டில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். பர்ஸைத் திருத்தினேன், அதைக் காட்டித்தான் ஒருவன், 'பேய்க்கு ஏன்டா பர்ஸ்?' என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தான். கட்டைத் திருத்தினேன். 'கண்யாமினியே' என்று ஓர் அம்மா மகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள், அதையும் சரிசெய்தேன். அழைப்பு யாமினி அழைப்பு மணியாயிற்று. முதல் 'ஏழு யாமினி' வந்ததும் கை நின்றது. திருத்தினால் ஏழு மணி. ஏழு மணியை எந்தக் கழுதையும் எழுதும்.

விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். இரண்டாம் பதிப்பு என்று போட்டு ஏற்றினேன். காலையில் அக்கா கேட்டபோது, "முடிஞ்சுது," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

எனக்கான பிரதி பார்சலில் வந்த அன்று நான் எழுந்து குளித்துவிட்டு, குளியலறையிலேயே வேலைக்கான உடுப்பையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பார்சல் பிரிந்து கிடந்தது, பக்கத்தில் கத்தரிக்கோல். அத்தான் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் விரலை வைத்து, பாடம் படிக்கிற பிள்ளைபோல வாய்விட்டுப் படித்தாள்.

"மணிபர்ஸ்."

மூன்று வருடத்துக்கப்புறம் அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டேன். அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"மணிக்கட்டு." இன்னொரு பக்கம். "கண்மணி." இன்னொன்று. "அழைப்பு மணி." பிறகு விரல் நின்றது. "ஏழு யாமினி."

புத்தகத்தை மூடினாள்.

"பர்ஸைத் திருத்தத் தெரிஞ்சிருக்கு."

"அக்கா..."

"கையைத் திருத்தியிருக்க. காலிங் பெல்லைத் திருத்தியிருக்க. இது மட்டும் கண்ணுல படல, இல்ல?"

"அதை எடுத்தா புத்தகத்துல என்னக்கா இருக்கு?"

"நீ எழுதினது இருக்கும்ல."

"நான் எழுதினதை யாரு படிச்சாங்க?"

"மாப்ளே," என்றார் அத்தான். அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. "ஒரு வார்த்தைதானே."

"அந்த ஒரு வார்த்தைதான் அத்தான் விக்குது."

அக்கா என் லேப்டாப்பை எடுத்துவைத்திருந்தாள். மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினாள்.

"உக்காரு. என் கண் முன்னாடி மாத்து. மாத்திட்டு உள்ள போய்ப் படு, வேலைக்கு வேணா லீவு போடு, நான் தோசை சுட்டுத் தர்றேன், இதைப் பத்திச் சாகுறவரை பேசமாட்டேன். இல்லன்னா எடுத்துட்டுப் போ."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் சட்டைப்பையில் ஃபோன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். டியூஷன் சார். ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்களாம், பெரிய அரங்கமாம், 'அந்த அம்மாவையும் அழைத்து வர முடியுமா?' என்று கேட்டிருந்தார்.

அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

நான் லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. "சட்டையெல்லாம் பையில இருக்கு," என்றாள். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கொடியில் என் துணி ஒன்றும் இல்லை. படுக்கை விரிப்பை மாற்றி, ஜன்னல் திரையை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். டைம்டேபிள் அதன் இடத்தில் இருந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தபோதே என்னைக் காலிசெய்துவிட்டாள்.

"சாவி," என்று கையை நீட்டினாள்.

வளையத்திலிருந்து கழற்றுவது சிரமமாக இருந்தது. நகம் உடைந்தது. அவள் கையை நீட்டியபடியே பொறுமையாக நின்றாள். கொடுத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிச் செருப்பைப் போட்டேன். கம்பெனி வேன் ஏழுக்கு வரும். தப்பவிட்டால் டார்ச் ஆப்சென்ட் போட்டுவிடுவார். பழக்கத்தில் திரும்பி, "நேரம் என்னக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் அத்தான் பழக்கத்தில் கையை நீட்டினார். அதில் வாட்ச் இல்லை.

"மணி ஏழு," என்றாள் அக்கா.

கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் சாவி, இரண்டு சுற்று.