ஆளும் வரக்கூடாது, அவளும் சாகக்கூடாது

2018 ஜூலை ஒன்பதாம் தேதி, தென் ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் உள்ள போர்ட் டிரெவினில், ராஸ் ட்ரெவார்தா தன் படகையும் நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுற்றுலா வருகிறவர்கள் வண்டிவீட்டோடு தங்கும் காரவன் பூங்காவை நடத்தும் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோனான்.

அடுத்த வாரம் அவன் மனைவி மெரின் படகுத்துறைப் படிகளில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஊரார் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள். அடிலெய்டிலிருந்து தங்கை டெலிஸ் தினமும் போன் செய்தாள்.

"வீட்ட வித்துட்டு இங்க வந்துடுக்கா. பின்னாடி ரூம் காலியாத்தான் கெடக்கு."

அப்பா வீட்டிலிருந்து நேரே ராஸ் வீட்டுக்கு வந்தவள் மெரின். ஐம்பத்தெட்டு வயதுவரை தனியாக இருந்து பழக்கமில்லை. இருக்க முடியுமா என்பதும் தெரியாது. கால் கட்டைப் பிரித்ததும் பதில் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டாள்.

வெளியே வர முடியாதவர்களுக்கு நூலகத் தொண்டர்கள் பையில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு அவர்களே எடுத்துவருவது வழக்கம். மெரினுக்கு வந்தவள் பள்ளித் தோழி க்ளெனிஸ் ஹாக்கிங்.

"நாவல் குடு. ஆனா கடைசில ஜோடி சேரக்கூடாது" என்றாள் மெரின். "ஒரு முத்தம் இருந்தாக்கூட உன் மேலயே விட்டெறிவேன்."

"கால்தான் போச்சு, கை நல்லாத்தான் இருக்கு" என்றாள் க்ளெனிஸ்.

அந்த நூலகத்தில் வயதான பெண்கள், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க, கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டுவைப்பார்கள். ஒருத்திக்கு மீன், ஒருத்திக்கு நங்கூரம். அழவைத்த புத்தகமென்றால் அதன் அருகே ஒரு கண்ணீர்த் துளியும் வரைவார்கள். ஊழியர்கள் கண்டுகொள்வதில்லை. துளி இருந்தால் ஜோடி சேர்ந்திருக்காது என்பது க்ளெனிஸின் கணக்கு. துளி அதிகமுள்ளவையாகப் பொறுக்கிக் கொண்டுபோனாள்.

அடுத்த முறை போனபோது புத்தகங்கள் சமையலறை மேசையில் வரிசையாக இருந்தன. மெரின் ஊன்றுகோலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"இவ காசநோய்ல போறா. இவ கடல்ல விழுறா. இவளுக்கு மனசு ஒடைஞ்சே உசுரு போகுது. இந்தத் தடிப் புத்தகத்துல, போஸ்ட் ஆபீஸ் வாசல்லயே விழுந்து சாகறா!"

"நீதானடி ஜோடி சேரக்கூடாதுன்ன?"

"சேரக்கூடாதுன்னேன். சாகணும்னா சொன்னேன்?"

"ஒரு தடவ நல்லா அழுதுட்டா தேவலையா இருக்கும்னு நெனச்சேன்."

"அழறதுக்குப் புத்தகம் வேறயா எனக்கு?" மெரின் உட்கார்ந்தாள். "அவன் போனப்புறம் அவ காலைல எந்திரிச்சு என்ன செய்யறா? சாயந்தரம் தனக்குன்னு சமைக்கிறாளா, இல்ல பிரெட்டத் தின்னுட்டுப் படுக்கறாளா? அத ஒருத்தருமா எழுதல? டெலிஸுக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்?"

க்ளெனிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. புதன்கிழமை நூலகத் தேநீர் மேசையில் எல்லாரிடமும் கேட்டாள்.

"ஆளும் வரக்கூடாது, அவளும் சாகக்கூடாது. அப்படி ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

"அதுக்கு எதுக்கு நாவல்? என் வீட்டுக்கு வரச் சொல்லு" என்றாள் வேரா பாஸ்கோ. இரண்டு கணவர்களைப் புதைத்துவிட்டுத் தனியாக இருப்பவள். சிரிப்பு அடங்கிய பிறகு அவளே தொடர்ந்தாள். "ஒண்ணு இருக்கு. ஆடு மேய்க்கிற பொம்பள. ஒருத்தன் வருவான் வருவான்னு நானும் பாக்கறேன், வரவே மாட்டேங்கறான். கடைசில அவ ஆட்டுக்கு வேலி கட்டி முடிச்சுட்டு உள்ள போய்த் தூங்கறா. அவ்வளவுதான். எனக்கு வந்த கோவம்!"

"எந்த அலமாரி?"

தேடினால் இன்னும் சில கிடைத்தன. கணவன் போனபின் பஸ் ஓட்டப் பழகுகிறவள் ஒருத்தி. மற்றவற்றில் பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. எதிலும் துளி இல்லை.

மெரின் எல்லாவற்றையும் படித்தாள். வேலிக்காரியை மட்டும் இரண்டு முறை.

"எழுதினவருக்கு வேலியப் பத்தி ஒண்ணும் தெரியல" என்றாள் க்ளெனிஸிடம். "மூலைக் கம்பத்துக்கு முட்டுக்கொடுக்காம கம்பிய இழுத்துக் கட்டறா. ஒரு காத்துக்குத் தாங்காது."

"பிடிக்கலையா?"

"பிடிக்கலன்னா சொன்னேன்? ராத்திரி அவ சூப் வெக்கிறா பாரு, ஒரே ஒரு கேரட் போட்டு, அது நல்லாருந்துச்சு. நானும் வெச்சேன். உப்பு கூடிப்போச்சு. கேக்கத்தான் ஆளில்லையே, முழுசா குடிச்சுட்டேன்."

செப்டம்பரில் கட்டுப் பிரித்தார்கள். அன்று மாலை மெரினே அடிலெய்டுக்குப் போன் செய்தாள்.

"அந்த ரூமுல வேற யாரையாவது வெச்சுக்க டெலிஸ். கிறிஸ்துமஸுக்கு வரேன். வந்துட்டுத் திரும்பிடுவேன்."

"தனியா என்னக்கா பண்ணுவ?"

"தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

மாதக் கடைசியில் மெரின் கைத்தடியோடு நூலகத்துக்கு நடந்து போய், தன் புத்தகத்தைத் தானே எடுத்துவந்தாள். க்ளெனிஸ் பை கொண்டுபோகும் வீடுகளில் ஒன்று குறைந்தது.