கோயில் மைக்கில் வந்த குரல்

திங்கட்கிழமை மாலை, ராணுவத் தளத்துக் கோயிலில் ஆரத்தி காட்டும் நேரம் பார்த்து ஒலிபெருக்கி வாத்து மாதிரி கத்தியது. சாமிக்கு என்ன கோபமோ என்று இரண்டு சிப்பாய்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி என்ன செய்யும், பாவம். கத்தியது மங்கையர்க்கரசி.

அவள் தளத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள், வீடு பக்கத்து லம்பா லைன் குடியிருப்பில். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கமாண்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் கிடந்த காலி அறையில், பொழுதுபோக்காக உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ நிலையம் வைத்திருந்தாள். அந்தமானிலிருந்து பேசுபவர்கள் அபூர்வம்; அங்கிருந்து ஒரு குரல் என்றால் உலகமே வரிசையில் நிற்கும். பின்லாந்துக்காரர் ஒருவர் அந்தமானுக்காகப் பதினோரு வருடம் காத்திருந்து அவளோடு பேசிவிட்டு அழுதேவிட்டார். டூட்டி முடிந்து கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளையே அவள் பொறுத்துக்கொண்டாள்.

அவள் ரேடியோவில் பேசும்போதெல்லாம் அந்தக் குரல் கோயில் ஒலிபெருக்கியில் வாத்துச் சத்தமாக வந்தது; மூன்று வாரமாக இதே கூத்து. சனிக்கிழமை ஆரத்திக்குத் தானே வருவதாகவும், சத்தம் கேட்டால் ஆன்டெனா கம்பத்தை இறக்கிவிட வேண்டியதுதான் என்றும் கமாண்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மங்கையர்க்கரசி கோயில் மைக் ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஓர் ஒட்டு. எர்த்தில் சேர்க்க வேண்டிய கம்பியைச் சேர்க்காமல் டேப் சுற்றி மூடியிருந்தது. ரேடியோ அலையை வா வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதைதான். மூன்று வாரத்துக்கு முன் ஒட்டுப் போட்டவர் ஐயாவு, தளத்தின் காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியன்.

"இருபது வருஷமா நான் போட்ட ஒயரிங், தங்கச்சி. அதுல குத்தமா?" என்று விறைத்தார். ஒட்டைப் பிரித்துக் காட்டியதும் குரல் இறங்கிப்போனது. "கமாண்டர் சாப் காதுல விழுந்தா என் கேட் பாஸ் போச்சு. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு கம்ப்ளைன்ட் போதும்."

"யாரு சொல்லப் போறா? இந்தப் பக்கம் புடிங்கண்ணே" என்று அவளே சால்டர் வைத்துச் சேர்த்தாள்.

சனிக்கிழமை ஆரத்தி நேரத்தில் ரேடியோவில் பேசி முடித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். ஒலிபெருக்கியில் மணிச் சத்தம் தவிர வேறு சத்தமே வரவில்லையாம். அவளுக்கு உயிர் வந்தது. கமாண்டர் விடுவதாக இல்லை. அப்படியானால் இத்தனை நாள் கோளாறு எதில் இருந்தது என்று இந்தியில் கேட்டார்.

ஐயாவு தூணோரம் நின்றிருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மேரா ரேடியோ, சார்," கோளாறு தன் ரேடியோவில்தான் என்றாள்.

"கோளாறான மெஷினை மூன்று வாரம் என் தளத்தில் ஓட்டினாயா? நாளைக்கே கம்பத்தை இறக்கு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.  ஒரு வார்த்தை சொன்னால் கம்பம் நிற்கும். ஐயாவு வெளியே நிற்பார். "ஜி, சார்" என்றாள்.

"ஜூட் போல்தி ஹை, சாப்."

அவள் சொல்வது பொய் என்று ஐயாவு முன்னால் வந்து நின்றார். ஒயர் தன்னுடையது, தப்பும் தன்னுடையது என்று ஓட்டை இந்தியில் ஒப்பித்துவிட்டு, சட்டையில் குத்தியிருந்த கேட் பாஸைக் கழற்றி, கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

கமாண்டர் அதை வாங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தளத்தில் தப்பை அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்" என்றார். "கம்பம் இருக்கட்டும். பாஸைச் சட்டையில் குத்திக்கொள்."

 ஐயாவு இரண்டு தரம் குத்திப் பார்த்தார், நிற்கவில்லை. மங்கையர்க்கரசிதான் வாங்கிக் குத்திவிட்டாள்.