ஆந்தையின் அடியில் பதினாறு எழுத்து

ஊருக்கெல்லாம் உண்டியல் செய்து விற்கிற தங்கராசு, வீட்டுக் காசை மட்டும் கண்ணுக்குத் தெரியாத உண்டியலில் போட்டு வைத்திருந்தான். அவன் மனைவி அமிர்தத்தின் கருத்து இதுதான். இதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவர்களுடையது சின்ன யூனிட்டு. பீங்கானில் ஆந்தை உண்டியல் செய்கிறார்கள். முதுகில் காசு போட ஒரு கீறல், அடியில் காசெடுக்க ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை. ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள், எட்டாவது ஆள் அமிர்தம். தங்கராசு முதலாளி. முதலாளி என்றால் பகலெல்லாம் போனைப் பார்ப்பவர் என்று அந்த யூனிட்டில் அர்த்தம்.

அவர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பக்கத்து யூனிட்டுச் சூளையில் வாடகைக்கு வேகவைக்க வேண்டும், அதற்கும் முறை வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். கம்மாபுரத்துப் பக்கம் அமிர்தத்தின் பிறந்த வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அவள் பங்குக்குக் கொஞ்சம் பணம் வந்தது. அதில் ஒரு சூளை வாங்கலாம் என்றாள். தங்கராசு அதைக் கொண்டுபோய் பிட்காயினில் போட்டான். ஆறு மாதத்தில் ரெண்டு சூளை வாங்கித் தருகிறேன் என்றான். மூன்று வருஷம் ஆகிவிட்டது. சூளையும் வரவில்லை, அதன் புகையும் வரவில்லை.

இப்படி இருக்கும்போது, அதே பேட்டையில் யூனிட்டை மூடிக்கொண்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிற பச்சமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

“கரண்டு சூளைம்மா. வாங்கி நாலு வருசந்தான் ஆவுது. வெளியாளுக்குக் குடுக்கறதவுட ஒனக்குக் குடுத்தா எனக்கு நிம்மதி. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பன். அதுக்கப்புறம் சேலத்துக்காரங்க வண்டி அனுப்பிடுவாங்க” என்றார்.

அவர் சொன்ன விலை, பிட்காயினில் கிடந்த பணத்துக்குள் அடங்கியது.

“வித்துடுங்க” என்றாள் அமிர்தம் அன்று சாயந்திரமே.

“இப்பப் போயி யாராச்சும் விப்பாங்களா? அடுத்த மாசம் பாரு, எங்க போயி நிக்குதுன்னு.”

“அடுத்த மாசம், அடுத்த மாசம்னு மூணு வருசமா கேட்டாச்சு. நீங்க விக்கலன்னா நானே வித்துக்கறன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா?”

தெரியும். கரண்டு பில்லிலிருந்து பேங்க் வரைக்கும் அவனுக்கு ஒரே பாஸ்வேர்டுதான். குலசாமி பேரும் ஒன்று இரண்டு மூன்றும்.

மறுநாள் காலையில் கடை திறக்குமுன்னே தங்கராசு பாலக்கரையில் பிரவீன்குமாரின் மொபைல் கடை வாசலில் நின்றான். பேட்டையில் பாதிப் பேரைக் காயினுக்குள் இழுத்துவிட்ட புண்ணியவான் இந்தப் பிரவீன்குமார். டெம்பர் கிளாஸ் ஒட்டிப் பிழைக்கிறவன், பேச ஆரம்பித்தால் உலக வங்கிக்கே புத்தி சொல்வான்.

“ரெண்டடுக்கு பூட்டு போட்டுடலாம்ணே” என்றான். “பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் தொறக்காது. போன்ல ஒரு ஆப் போட்டுடுவோம். அதுல ஆறு நம்பர் வரும், முப்பது செகண்டுக்கு ஒருக்கா மாறிக்கிட்டே இருக்கும். உள்ள போறதுக்கும் அந்த நம்பர் வேணும், பணத்த எடுக்கறதுக்கும் வேணும். திருடன் வந்து நின்னாலும் ஒண்ணும் புடுங்க முடியாது.”

தங்கராசு பாஸ்வேர்டையும் மாற்றி, பூட்டையும் போட்டுக்கொண்டான். நிலத்துப் பணத்தைக் கொடுத்த பெண்டாட்டிதான் திருடி. வெட்கமில்லாத மனுஷன்.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக, காயின் வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சு ஆப் ஒரு பதினாறு எழுத்துச் சாவியைக் காட்டியது. அதை வேறொரு போனில் போட்டால் அதே நம்பர் அங்கேயும் வரும். “பேப்பர்ல எழுதி பத்திரமா வைங்கண்ணே” என்றான் பிரவீன்குமார். எழுதிக்கொண்டு வந்த தங்கராசு யோசித்தான். பேப்பரை எங்கே வைத்தாலும் அமிர்தம் எடுத்துவிடுவாள். அவனுக்கு அப்போது ஒரு மகா யோசனை வந்தது. பேப்பர் கிழியும், மை அழியும். மண்ணில் எழுதி வேகவைத்தால் ஆயிரம் வருஷம் நிற்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

சாயந்திரம் எல்லோரும் போனபின் அச்சிலிருந்து எடுத்து வைத்திருந்த, இன்னும் வேகாத பச்சைப் பொம்மைகளில் ஒன்றைக் கவிழ்த்தான். ஓட்டையைச் சுற்றிக் கோணி ஊசியால் பதினாறு எழுத்தையும் கீறினான். மற்ற ஆந்தைகளோடு அதையும் அடுக்கிவிட்டு, பேப்பரை டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

அச்சிலிருந்து வருகிற பச்சைப் பொம்மை அப்படியே சூளைக்குப் போகாது. அதன் அச்சுத் தழும்பைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் உடம்பு முழுக்க, அடிப்பக்கம் உட்பட, துடைப்பார்கள். ஒரு நகக்கீறல் இருந்தாலும் வேகும்போது விரிசல் விடும். பினிஷிங் என்று இதற்குப் பெயர். யூனிட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக முதலாளியாக இருக்கிற தங்கராசு அந்தப் பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. அது பொம்பளைகள் வேலை.

செவ்வாய்க்கிழமை அந்த ஆந்தை அமிர்தத்தின் கைக்கு வந்தது. அடியில் கிறுக்கல். கீறலைக் கண்டால் அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து யூனிட்டின் வாட்ஸாப் குரூப்பில் போடுவது அவர்கள் வழக்கம். யார் கைப்பிழை என்று பிறகு வாய்ச்சண்டை வரக்கூடாது அல்லவா? போட்டாள். பிறகு ஸ்பாஞ்சை நனைத்து ரெண்டு இழுப்பு இழுத்தாள். ஆந்தையின் அடி குழந்தை கன்னம்போல் ஆகிவிட்டது.

அந்தக் குரூப்பில் தங்கராசுவும் இருக்கிறான். ஒரு வருஷமாக மியூட்டில் வைத்திருக்கிறான். பொம்பளைகள் சலசலப்பு தாங்கவில்லையாம்.

புதன்கிழமை இருநூற்று நாற்பது ஆந்தைகளும் வாடகைச் சூளைக்குள் போயின. வியாழக்கிழமை தங்கராசு களிமண் கரைசல் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டு காயின் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறுகிற சந்தோஷத்தில் கை நழுவியது. போன் தொட்டிக்குள் விழுந்து, மூக்கில்லாத அதன் எல்லா ஓட்டைக்குள்ளும் மண் போய், செத்துப்போனது. பினிஷிங் பெஞ்சுப் பூவாயி கையை விட்டு அதை எடுத்துத் தந்தாள்.

“பினிஷிங் பண்ணிடவாண்ணா?” என்று வேறு கேட்டாள்.

சிம்மை எடுத்து வேறு போனில் போட்டான். பழைய போனோடு ஆறு நம்பரும் போய்விட்டதால் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைய முடியவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு மெயில் போட்டால், ஆதாரைப் பிடித்துக்கொண்டு போட்டோ அனுப்புங்கள், பதினைந்து வேலை நாள் ஆகும் என்று பதில் வந்தது. ஆனாலும் அவன் அசரவில்லை. சாவி சூளைக்குள் வெந்துகொண்டிருக்கிறதே!

அமிர்தம்தான் நிலைகொள்ளாமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அவள் நிலம் போய் வந்த பணம் ஒரு செத்த போனுக்குள் கிடந்தது.

சனிக்கிழமை சூளை திறந்தார்கள். தங்கராசு வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஆந்தையாகக் கவிழ்த்துப் பார்த்தான்.

“என்னா தேடுறீங்க?” என்றாள் அமிர்தம்.

“ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு.”

அறுபதாவது ஆந்தையில் வியர்த்தது. நூறு தாண்டியதும், பார்த்து வைத்ததையே மறுபடி எடுத்துக் கவிழ்த்தான். நூற்று ஐம்பதில் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். “பிரவீன்குமாரு போன்ல போட்ட பூட்டோட சாவிய ஒரு ஆந்த அடியில எழுதி வெச்சிருந்தன் அமிர்தம். பதினாறு எழுத்து. காணல!”

“எப்ப எழுதுனீங்க?”

“திங்கக்கெழம. பச்சையா இருக்கசொல்ல.”

செவ்வாய்க்கிழமை தான் துடைத்த கிறுக்கல் அமிர்தத்துக்கு நினைவு வந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிச்சம் தொண்ணூறையும் கவிழ்க்கட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போனாள். குரூப்பைத் திறந்து போட்டோவைப் பெரிதாக்கினாள். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. பிரவீன்குமாருக்குப் போன் போட்டு அந்த ஆப்பில் சாவியை எப்படிப் போடுவது என்று கேட்டாள். விளக்கம் சொல்லக் கிடைத்தால் போதும், யாருக்கு, எதற்கு என்றெல்லாம் அவன் கேட்கமாட்டான். பத்து நிமிஷத்தில் அவள் போனில் ஆறு நம்பர் வந்து நின்றது. முப்பது செகண்டில் மாறியது.

வெளியே வந்தபோது தங்கராசு கடைசி ஆந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருநூற்று நாற்பது ஜோடி முட்டைக்கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

“நம்பர் எங்கிட்ட இருக்குது” என்றாள்.

அவன் போனைப் பிடுங்க வந்தான். அவள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பாஸ்வேர்டு ஒங்ககிட்ட, நம்பர் எங்கிட்ட. விக்கறதா இருந்தா சொல்லுங்க, நம்பரு சொல்றன். இல்லன்னா போயி ஆதாரப் புடிச்சிக்கிட்டு போட்டோ எடுத்துக்குங்க.”

அரை மணி நேரம் கத்தினான், கெஞ்சினான், சாப்பிடமாட்டேன் என்றான். சாப்பிடாதீர்கள் என்றாள். கடைசியில் பாஸ்வேர்டை அடித்தான். அவள் நம்பரைச் சொன்னாள். உள்ளே போனான், விற்றான். இருவர் பேரிலும் இருக்கிற பேங்க் கணக்குக்குப் பணத்தை எடுக்க மறுபடியும் நம்பர் கேட்டது. அவள் சொன்னாள். அவன் விரல் அடிக்காமல் அந்தரத்திலேயே நின்றது.

“இன்னும் கொஞ்சம் ஏறும் போல இருக்குது…”

நம்பர் மாறிவிட்டது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் பெருமூச்சு விட்டான், மறுபடியும் மாறியது.

“மாறட்டும்” என்றாள் அமிர்தம், பெஞ்சில் வசதியாக உட்கார்ந்துகொண்டு. “மூணு வருசம் காத்திருந்தவளுக்கு முப்பது செகண்டு ஒரு கணக்கா?”

நாலாவது நம்பரை அவன் அடித்துவிட்டான். சாயந்திரம் கணக்கில் பணம் விழுந்ததும் அவள் முதலில் பச்சமுத்துவுக்குப் போன் போட்டாள். “அண்ணா, சேலத்துக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க.” கம்மாபுரத்து நிலம் அவள் கைக்குத் திரும்பி வந்தது போலிருந்தது.

தங்கராசுவுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. “ஒனக்கு எப்படிக் கெடச்சுது?”

“கீறல் இருந்தா தொடச்சிடுவோம். அதுதான் எங்க வேல. தொடைக்கறதுக்கு முன்ன குரூப்புல போட்டன்.”

“குரூப்புலயா? அப்ப எட்டுப் பேருக்கும் தெரியுமா?”

“செவ்வாக்கெழமையிலருந்து தெரியும். நீங்கதான் மியூட்டுல வெச்சிருக்கீங்க.”

தன் போனை அவனிடம் நீட்டினாள். போட்டோவின் கீழே ‘இத்த கிறுக்குனது யாரு?’ என்று அவள் கேட்டிருந்தாள். நான் இல்லை, நான் இல்லை என்று வரிசையாகப் பதில். கடைசியில் பூவாயி எழுதியிருந்தாள்: ‘எவனோ வேல வெட்டி இல்லாதவன் அக்கா.’

அதற்கு ஏழு கட்டைவிரல் விழுந்திருந்தது. தங்கராசு ஒவ்வொன்றாக யார் யார் என்று தொட்டுப் பார்த்தான். முதல் விரல் அமிர்தத்துடையது.