ஊர்மிளாவின் தேத்தண்ணி வைத்தியம்

ஹட்டனில் குடும்பச் சண்டைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஊர்மிளாவின் வழி ஒன்றுதான்: முதலில் தேத்தண்ணி, பிறகு பேச்சு. இன்று அதுவும் பலிக்கும்போல் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சுதர்ஷினி துணிப்பையோடு வந்திருந்தாள். லிந்துலை பஸ் வந்ததும் தாய்வீடு போய்விடுவாளாம். புருஷன் நிரோஷன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பதற்றத்தில் ஊர்மிளா தேயிலையை அடுப்பில் கொதிக்கவிட்டு மறந்துபோனாள்.

நிரோஷன் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான். "மிஸ், இது கசாயமா?"

"நாங்க பறிச்ச கொழுந்தக் கொன்னுட்டாங்க," என்று சொல்லி, சுதர்ஷினி பல நாளுக்குப் பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீ போட்டா இப்படியா இருக்கும்?" என்றான் நிரோஷன்.

அவள் எழுந்து கேத்தலைக் கழுவிப் புதிதாகத் தண்ணீர் வைத்தாள். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. தன் தேத்தண்ணிக்கு வந்த அவமானத்தை மறந்து ஊர்மிளா அந்தத் துணிப்பையையே பார்த்தாள்.

"சீனி எங்க மிஸ்? இவருக்கு ரெண்டு கரண்டி வேணும்."

பஸ் போய்விட்டது.