ஹௌக் மோதிரம்

கிம்மெல்பாக் நகரில் 1981க்கும் 1991க்கும் இடையில் விற்ற ஹௌக் கடை மோதிரங்களில் நானூற்றுப் பன்னிரண்டு தண்ணீரில் மிதந்தன. எல்லாம் பதினெட்டு காரட். எல்லாவற்றின் உட்புறமும் ஹௌக் குடும்பத்து முத்திரையான ஆந்தை இருந்தது. செய்தவர் பெயர் எதிலும் இல்லை, இருக்கவும் முடியாது. அந்த நகரத்துப் பொற்கொல்லர் சங்க விதிப்படி, தலைமைத் தேர்வில் தேறாதவர் தனிப் பட்டறை வைக்கவோ சொந்த முத்திரை குத்தவோ கூடாது. தேர்வு எழுத, ஏற்கெனவே தேறிய ஒருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும்.

செய்தவர் குவாக் தொவான். சைகோனில் தங்கத் தகடு தட்டியவர், கடலிலிருந்து மீட்கப்பட்டு 1980 நவம்பரில் ஜெர்மனி வந்தவர். நகராட்சி அனுப்பிய அந்த மனிதரிடம் கடை முதலாளி எமில் ஹௌக் ஒரு தங்கத் துண்டைக் கொடுத்தார். தொவான் சுத்தியலைத் தொடுமுன் அதைக் கடித்துப் பார்த்தார். "அதுல முத்திரை இருக்கே, தெரியலையா?" என்றார் ஹௌக். "முத்திரை தெரியுது. பல்லு என்ன சொல்லுதுன்னு பாத்தேன்" என்றார் தொவான். அன்று மதியம் ஹௌக்கின் பயறும் தொத்திறைச்சியும் நிறைந்த தட்டில் தொவான் தன் சட்டைப்பையிலிருந்த குப்பியைத் திறந்து நான்கு சொட்டு மீன்சாறு விட்டார். பட்டறை மூன்று நாள் நாறியது. நான்காம் நாள் குப்பி எங்கே என்று ஹௌக்கே கேட்டார். இரண்டாம் ஆண்டில் தொவான் அவர் வயதை விசாரித்து, தன்னைவிட ஆறு வயது மூத்தவர் என்று தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து அண்ணே என்று கூப்பிட்டார். முப்பது வருடம் கூடச் சீட்டாடியவர்கள்கூட ஹௌக் ஐயா என்றே அழைத்துவந்த, உடன்பிறப்பில்லாத அந்த மனிதருக்குக் காது சிவந்தது.

அந்தப் பட்டறையில் வேலை முடித்து எழுகிறவர்கள் கதவோரப் பீப்பாயில்தான் கை கழுவ வேண்டும். விரலில் ஒட்டிய தங்கத்தூள் அடியில் படியும். ஆண்டு முடிவில் அந்த வண்டலை உருக்கி எடுப்பார்கள். ஆண்டுக்காண்டு குறைந்துவந்த வண்டல் 1984 டிசம்பரில் பாதியாகியிருந்தது. ஹௌக் இரண்டு நாள் தொவானின் கால்சட்டை மடிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பீப்பாயின் மேல்தண்ணீரைப் பார்த்தார். பாலில் ஆடை படிந்தாற்போல் தங்கம் மேலே கிடந்தது. அதைக் காப்பி வடிதாளால் அள்ளி உருக்கினார். அமிலச் சோதனை பதினெட்டு காரட் என்றது. தானே தட்டி மோதிரமாக்கினார், மூழ்கியது. அதையே உருக்கித் தொவானிடம் கொடுத்துத் தட்டச் சொன்னார், மிதந்தது. இப்படி ஏழு முறை செய்து பார்த்தார்.

"தொவான், இது மிதக்குது."

"ஆமாண்ணே." அரம் நிற்கவில்லை.

"தங்கம் மிதக்காதுய்யா."

"மிதக்காதுதான். என் பொண்டாட்டி ஹுவே போட்டிருந்த சட்டை மடிப்புல முப்பது தகடு வெச்சுத் தைச்சிருந்தோம். எல்லாம் நான் தட்டினது. படகு சாஞ்சப்ப நான் மேல வந்தேன், அவ வரல. கப்பல் நாலு மணி நேரம் கழிச்சு வந்துது." அரத்தை ஊதினார். "இனிமே நான் தட்டுறது மூழ்காதுண்ணே." புகை பிடிப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

ஹௌக் யாரிடமும் சொல்லவில்லை. 1986இல் அவருக்கு ஐம்பது வயதானபோது தொவான் ஒரு மோதிரம் கொடுத்தார். அதன் உட்புறம் ஆந்தை இல்லை, ஒரு சிறு லில்லிப்பூ இருந்தது. ஹுவே என்றால் தொவானின் மொழியில் அந்தப் பூதான். தேர்வில் தேறிய பிறகு தன் முத்திரையாகக் குத்துவதற்காக அந்தப் பூவின் எஃகு அச்சை அவர் தானே செதுக்கித் தீப்பெட்டியில் வைத்திருந்தார். விதியை மீறி அவர் அதைக் குத்தியது அந்த ஒரு முறைதான். ஹௌக் மோதிரத்தை வலக்கையில் போட்டுக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா" என்றார். அதற்கு முந்தைய ஆண்டும் அதையே சொல்லியிருந்தார். தொவான் தனிக்கடை போட்டால் மதியம் யாரோடு சாப்பிடுவது என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது.

1991 கிறிஸ்துமஸ் வாரத்தில், கடை நிறைந்திருந்த நேரத்தில், மருந்துக்கடை லெம்ப்பின் மனைவி ஒரு கிண்ணத் தண்ணீரோடு வந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். அதில் அவருடைய கல்யாண மோதிரம் முட்டை ஓடுபோல் மிதந்துகொண்டிருந்தது.

"ஹௌக் ஐயா, எட்டு வருஷமா நான் போட்டிருக்கிறது தங்கமா, தக்கையா?"

"உள்ள ஒரு சீனாக்காரன் இருக்கானே, அவன் கைவரிசையா இருக்கும்" என்றது வரிசையில் ஒரு குரல்.

"அவன் வியட்நாம்" என்றது இன்னொரு குரல்.

"ஆமா, ரொம்பப் பெரிய வித்தியாசம்!"

பட்டறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அரத்தின் சத்தம் நின்றது. ஹௌக் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், அதை அவர் ஏழு முறை சோதித்தும் இருந்தார். வாடிக்கையாளர்களின் முகங்களைப் பார்த்தார், சுவரில் அப்பா, தாத்தா படங்களைப் பார்த்தார். "விசாரிக்கிறேம்மா" என்றார். அது போதுமானதாக இருந்தது.

வசந்தத்தில் தொவான் மேல் வழக்கு வந்தது. நிபுணரின் அறிக்கைப் படிவத்தில், மோதிரத்தைத் தண்ணீரில் மூழ்கடித்து எடுத்த எடையை எழுத ஒரு கட்டம் இருந்தது. மூழ்காததால் எடை எடுக்க முடியவில்லை. கட்டம் காலியாக இருந்தால் படிவம் செல்லாது. ஆகவே, அமிலம் சொன்னதை ஒதுக்கிவிட்டு, தங்கம் அல்ல என்று எழுதினார். ஹௌக் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். கையில் மோதிரம் இருந்தது. கழற்றிக் காட்டியிருந்தால் லில்லிப்பூவையும் அதற்கு முந்தைய ஏழு சோதனைகளையும் விளக்க வேண்டியிருக்கும். "நான் குடுத்தது நல்ல தங்கம். அவர் அதை என்ன பண்ணினார்னு எனக்குத் தெரியாது" என்றார். நீதிபதி தொவானைப் பார்த்தார். தொவான் எழுந்து, "ஹௌக் ஐயா நல்ல தங்கம்தான் குடுத்தார்" என்றார். பத்து ஆண்டுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஐயா வந்தது அன்றுதான். குற்றம் உறுதியானது, சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் குற்றவாளி தேர்வு எழுத முடியாது. அந்தத் தீப்பெட்டியோடு அவர் வடக்கே ஒரு துறைமுகத்துக்குப் போனார், மீன் வெட்டும் கூடத்தில் வேலை செய்தார், 1999இல் இறந்தார். ஹௌக் அனுப்பிய ஏழு கடிதங்களும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. ஏழாவதில் பரிந்துரைக் கடிதமும் இருந்தது.

மோதிரங்களைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் பிழைத்தார்கள். ஏரியில் விழுந்தாலும் தொலையாத மோதிரம் நீந்துகிறவர்களுக்கு வசதியாக இருந்தது. 2003இல் வேறொரு நிபுணர், எடைக் கட்டமில்லாத புதிய படிவத்தில், இது பதினெட்டு காரட் தங்கம் என்று எழுதினார். விலை மூன்று மடங்கானது. நகர அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஐந்து மோதிரங்களை மிதக்கவிட்டு, உட்புறத்து ஆந்தையைப் பார்த்து, 'ஹௌக் மோதிரம்' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். திறப்பு விழாவில் மேயர் கொடுத்த பதக்கத்தை எமில் ஹௌக் வாங்கிக்கொண்டார். பேசச் சொன்னபோது தொண்டை சரியில்லை என்றார்.

இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். விரல் மூட்டு வீங்கி மோதிரம் கழலுவதில்லை. மோதிரத்தை அறுக்கும் சிறு ரம்பம் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, அவர் எடுப்பதில்லை. வியாழக்கிழமைகளில் தாதிப்பெண் அவரைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறாள். உடம்பு தண்ணீருக்குள் போகிறது, வலக்கை மட்டும் மேலே எழுந்து நிற்கிறது.

"கையைக் கீழ போடுங்க தாத்தா" என்று முதல் மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போக மாட்டேங்குதும்மா."

இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவர் முதுகைத் தேய்த்து முடிக்கும்வரை சோப்பை அந்தக் கையில் வைத்துவிடுகிறாள்.