ஐந்து பேரின் ஒரு நிமிஷம்

எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவரிடம் ‘வெயிட் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டால், கேட்டவரின் கால் நின்ற இடத்தைவிட்டு நகராது. சொன்னவரே திரும்பி வந்து, முகத்துக்கு முகம் பார்த்து ‘வாங்க’ என்றோ ‘போங்க’ என்றோ சொன்னால்தான் கால் விடும். போனில் சொன்னாலும் பிடிக்கும். ஆனால் போனில் விடாது. வாய் பேச வராதவர்கள் ஆள்காட்டி விரலை உயர்த்தி ‘ஒரு நிமிஷம்’ என்று காட்டினால் அதுவும் பிடிக்கும். நகராட்சி அதை ஏற்றுக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

தமிழில் சொன்னால் ஒன்றும் ஆகாது. ‘இரு’ என்றால் எங்கள் ஊரில் யாரும் இருப்பதில்லை. ‘கொஞ்சம் பொறுங்க’ என்றால் இன்னும் ஓரடி முன்னால் வந்து நிற்பார்கள். அதனால்தான் வம்பு என்று தெரிந்தும் எல்லோரும் அந்த வார்த்தையையே சொல்கிறோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களுக்கு நகராட்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் கொடுக்கும். குறை சொல்லக் கூடாது, நல்ல நாற்காலிதான்.

நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பெயர் தணிகாசலம். எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்லிச் சொல்லியே, நிமிஷம் என்ற சொல்லைக் கேட்டாலே கடிகாரத்தைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். அப்படிப்பட்ட நானே அன்றைக்கு நாக்கை அடக்கவில்லை.

என் மனைவி பூங்கோதைக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பாக்கி. ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பினோம். ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். ஸ்கேன் சென்டர் இருக்கும் சந்துக்குள் அவளால் நடக்க முடியாது. பஸ் நிறுத்தத்து நிழலில் நிறுத்திவிட்டு, “இங்கயே வெயிட் பண்ணு கோதை, ரிப்போர்ட்டை வாங்கிட்டு ஓடி வந்துடறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அங்கேயே ‘வா’ என்று சொல்லி விடுவித்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலைதானே என்று ஓடினேன்.

சென்டர் வாசலில் காவலாளி ஜெபசிங் நின்றார். “சார், ஒரு நிமிஷம் வெயிட் பண்ணுங்க, உள்ள கேட்டுட்டு வர்றேன்” என்று போனார். வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“சார், என்னையும் நிறுத்திட்டாங்க. பிரிண்டர்ல பேப்பர் இல்ல. ஸ்கேன் எடுக்கிற மெஹருன்னிசா மேடம்தான் நிறுத்திட்டு, பின்வாசல் வழியா வாங்கப் போயிருக்காங்க.”

அவர் மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் பேப்பர் கடை வாசலில் பேப்பர் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூட்டிப் போன ஆட்டோக்காரர் முத்துவீரன், ‘வாங்கிட்டு இங்கயே வெயிட் பண்ணுங்க மேடம், ஒரு சவாரியை விட்டுட்டு வந்துடறேன்’ என்று சொல்லிப் போனவர், திரும்பவில்லையாம்.

பூங்கோதையைப் போனில் கூப்பிட்டேன்.

“பதறாதீங்க. இங்க ஒரு ஆட்டோ கெடச்சிருக்கு. நீங்க வந்ததும் போயிடலாம்னு நிறுத்தி வச்சிருக்கேன்.”

“எப்படி நிறுத்தினே? என்ன சொல்லி?”

“வேற எதைச் சொன்னா நிப்பாங்க?” என்றாள். பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், “முத்துவீரன்னு சொல்லும்மா” என்றது.

ஆக, நான் போனால்தான் பூங்கோதை விடுபடுவாள். அவள் விட்டால்தான் முத்துவீரன் போவார். முத்துவீரன் போனால்தான் மேடம். மேடம் வந்தால்தான் ஜெபசிங். ஜெபசிங் வெளியே வந்தால்தான் நான். பூங்கோதை அங்கேயே ‘போங்க’ என்று முத்துவீரனை அனுப்பிவிடலாமே என்று கேட்டேன். உடனே சொல்லிப் பார்த்தாள். கால் எழும்பவில்லை. வட்டம் மூடிவிட்டால் யார் சொல்லும் யாரையும் விடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். பதற்றத்தில் கேட்டுவிட்டேன்.

நாற்காலியும் குடையும் கொண்டுவந்த நகராட்சி ஊழியர் கோவர்த்தனன், வட்டத்தை உடைக்கத் தனிப் பிரிவு இருப்பதாகச் சொன்னார். வட்டத்தில் ஒருவரை அவர் நிற்கும் தரையோடு பெயர்த்து, அவர் நிறுத்தியவரிடம் லாரியில் கொண்டுபோய் வைப்பார்கள்; தரை பெயர்ந்ததும் வட்டம் உடைந்து, சொல் மறுபடி செல்லும்.

“உங்களுக்கு முன்னாடி நாலு வட்டம் இருக்கு சார். பார்ப்போம்” என்றார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் பேச அவர்களுக்குப் பயிற்சி உண்டு.

டாக்டர் சொன்ன தேதியான வியாழக்கிழமை காலையில் வலி எடுத்தது. பஸ் நிறுத்தத்தைச் சுற்றி நகராட்சி நர்ஸ் சேலை கட்டி மறைத்தாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, பூங்கோதை மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. பிறகு அவள் குனிந்து வயிற்றிடம் பேசுவது கேட்டது.

“தங்கம், கொஞ்சம் வெயிட் பண்ணுடா. அப்பா வந்துடட்டும்.”

“இருன்னு சொல்லு! இருன்னு சொல்லு கோதை!” என்று கத்தினேன்.

வலி நின்றுவிட்டது. நர்ஸ் சேலையை அவிழ்த்து மடித்தாள்.

“முகத்தைப் பார்த்து வான்னு சொல்லுங்க, வந்துடும்” என்றாள்.

“முகம் உள்ளதானே இருக்கு” என்றாள் பூங்கோதை.

நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு முறை கூப்பிட்டு, அசைகிறதா என்று கேட்பேன். “அசையுது, ஆனா எடம் மாறல” என்பாள். டாக்டர் சொன்ன தேதி போய் ஒரு வாரம் ஆனது. பத்து நாள் ஆனது. ரிப்போர்ட்டில் குழந்தையின் முகம் இருக்கும் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஜெபசிங்கைக் கூப்பிட்டேன்.

“கம்ப்யூட்டர்ல தெரியுது சார். இங்கருந்து பாத்தா மங்கலா இருக்கு.”

“யாரு மாதிரி இருக்கு?”

“உங்கள மாதிரிதான் சார். கவலையா இருக்கு.”

அதைப் போனில் படம் பிடித்து பூங்கோதைக்கு அனுப்பலாமா என்று கோவர்த்தனனிடம் கேட்டேன். போனில் வந்தால் அது போன்தான், முகம் ஆகாது என்றார். காகிதத்தில் அச்சடித்தால் செல்லும் என்றார். பேப்பர் மேடத்தின் கையில் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் லாரி வந்தது. பேப்பர் கடை வாசல் சிமெண்ட் தரையைச் சதுரமாக வெட்டி, மேடத்தை அதன்மேல் நின்றபடியே கொண்டுவந்து, பிரிண்டருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அவர் முதலில், “ஜெபசிங், வா” என்றார். அடுத்து பேப்பரைப் போட்டார். ஜெபசிங் ஒரு கவரோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, “போங்க சார்” என்றார்.

ஓடினேன். முட்டி மடங்கவில்லை, இருந்தாலும் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பூங்கோதை இளைத்திருந்தாள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. “வா கோதை” என்றேன். அவள் கால் விட்டது. அவள் திரும்பி முத்துவீரனிடம், “போங்கண்ணே” என்றாள். அவர் காலும் விட்டது. ஆனால் அவர் போகவில்லை. பத்தொன்பது நாள் பக்கத்தில் நின்றவர், குழந்தையைப் பார்க்காமல் எப்படிப் போவார்?

பூங்கோதை கவரைப் பிரித்தாள். நானும் முத்துவீரனும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தோம். புருவத்தைச் சுருக்கிய சின்ன முகம். பூங்கோதை, “வா தங்கம்” என்றாள். உடனே அவளுக்கு வலி எடுத்தது. ஆட்டோவை நோக்கித் திரும்பினோம். கால் வரவில்லை, மூன்று பேருக்கும்.

படத்தை மறுபடி பார்த்தேன். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கை. ஆள்காட்டி விரல் மட்டும் நேராக உயர்ந்திருந்தது.

நர்ஸ் மறுபடி சேலையைக் கட்டினாள். அன்று நான்கு மணி பத்து நிமிஷத்துக்குப் பெண் குழந்தை பிறந்தாள். என்னால் பக்கத்திலேயே நிற்க முடிந்தது. வேறு எங்கும் போகவும் முடியாது. முதல் அழுகையைப் போனில் கேட்காமல் நேராகக் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

“இனி இவ வாயத் திறந்து உங்களைப் போகச் சொல்லணும்” என்றாள் நர்ஸ். “ஒண்ணரை வயசுல பேசும். பொம்பளப் புள்ள, கொஞ்சம் முன்னாடியே பேசினாலும் பேசும்.”

கோவர்த்தனன் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே மூன்று நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் போனார். நிழற்குடையின் இரும்புக் குழாயில் தொட்டில் கட்டினோம். மெஹருன்னிசா மேடம் தன் சிமெண்ட் சதுரத்தில் நின்றபடியே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கிறார். முத்துவீரன் போய் அவரை விடுவிக்க வேண்டும். நான் இந்த நிறுத்தத்திலிருந்தே பஸ்களுக்கு நேரம் சொல்கிறேன்.

இப்போது குழந்தைக்கு ஏழு மாதம். நாங்கள் மூவரும் முறை போட்டுக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து ‘போங்க, போங்க’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவள் புருவத்தைச் சுருக்கி எங்கள் வாயையே பார்ப்பாள். நேற்றுக் காலை முத்துவீரனைப் பார்த்து ‘போ’ என்றாள். அவருடைய இடது கால் விட்டுவிட்டது.